திட்டிப் பார்த்தல்

பல்லுக்கு அளவெடுக்க வாய்க்குள் வைத்த அச்சு இறுகுவதற்கு மூன்று நிமிடம் ஆகும். அந்த மூன்று நிமிடமும் நாற்காலியில் இருப்பவரால் பேச முடியாது, எச்சில் விழுங்க முடியாது, கண்ணை உருட்ட மட்டும்தான் முடியும். டாக்டர் அந்த மூன்று நிமிடத்தை வீணாக்குவதில்லை. ஒரு கையால் அச்சுத் தட்டை அழுத்திப் பிடித்தபடி, தோளுக்கும் காதுக்கும் நடுவே செல்ஃபோனை இடுக்கிக்கொண்டு, மச்சினனிடம் டைல்ஸ் பேசிக்கொண்டிருந்தார்.

"பாத்ரூம் தரைக்கு வழவழப்பா இருந்தாத்தான் மாப்ளே எடுப்பா இருக்கும். நீ எனக்கு ஷோரூம் மூலைல ஒரு மேசை மட்டும் போட்டு வை. மாசக் கடைசில இங்க மூடிட்டு வந்துடறேன்."

நாற்காலியில் இருந்தவர் கொத்தனார். குளியலறைத் தரைக்கு வழவழப்பு போட்டால் இடுப்பு உடையும் என்று சொல்ல அவருக்குத் துடிப்பாக இருந்தது. "ம்ம்ம்! ம்ம்!" என்றார்.

"வலிக்குதா? இதோ முடிஞ்சிடும்" என்று அவர் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தார் டாக்டர்.

டாக்டருக்கு ஐம்பத்தொரு வயது. இருபத்தாறு வருடமாக அதே முதல் மாடி, அதே சாய்வு நாற்காலி, ஜன்னலுக்கு வெளியே அதே மின்கம்பம். ஆரம்பத்தில் ஒரு பல்லைக் காப்பாற்றினால் வீட்டுக்குப் போய் மனைவியிடம் அரை மணி நேரம் கதை சொல்வார். அவளும் முதல் இரண்டு வருடம் கேட்டாள். பிறகு சொத்தை, வேர், பிடுங்கல், சுத்தம், பல்செட் என்று நாட்கள் மாவரைப்பதுபோல் ஒரே சத்தத்தில் ஓடின. உறவுக்காரர் யாராவது "டாக்டரா?" என்று கண்ணை விரித்து, உடனே "ஓ, பல் டாக்டரா" என்று கண்ணைச் சுருக்குவார். அதே ஆள் ஐந்து நிமிடம் கழித்து அவரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய் வாயைப் பிளந்து காட்டுவார். டைல்ஸும் வெள்ளை வெள்ளையாக வரிசையில் நிற்பதுதான். ஆனால் அதற்கு வாய் கிடையாது. மச்சினன் தன் டைல்ஸ் ஷோரூமுக்குக் கூப்பிட்டபோது டாக்டருக்கு அதுதான் முதலில் தோன்றியது.

கொத்தனார் கீழே இறங்கியதும் சிஸ்டர் எட்டிப் பார்த்தாள். பதினெட்டு வருடமாக அவருடன் இருப்பவள். நல்ல செய்தி, கெட்ட செய்தி எல்லாவற்றையும் ஒரே முகத்தோடு சொல்வாள்.

"போன வாரம் பல்செட்டு வாங்கிட்டுப் போன அம்மா வந்திருக்காங்க. கூட வீட்டுக்காரரும். அந்தம்மா ஏதோ கோவமா இருக்காங்க. ஆனா கோவம் சரியா வரல."

"கோவம் சரியா வரலைன்னா?"

"நீங்களே கேளுங்க."

அந்த அம்மாள் தையல் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். நாற்பது மெஷின்களுக்கு நடுவே நின்று இருபது வருடமாக வேலை வாங்குபவர். உள்ளே வந்த வேகத்தில் சேவல் கொண்டைபோல் நிமிர்ந்து நின்று, "என்ன செஞ்சு வெச்சிருக்கீங்க?" என்று ஆரம்பித்தார். ஆரம்பித்ததுதான் தெரியும். 'செ' வந்த இடத்தில் கூர்மையாக ஒரு விசில் கிளம்பி அறையைச் சுற்றி வந்தது. ரயில் கிளம்பும்போது கார்டு ஊதுவாரே, அந்த மாதிரி.

டாக்டர் சிரித்துவிட்டார். அடக்க நினைப்பதற்குள் அது வெளியே வந்துவிட்டது.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, விசில் வராத அளவுக்குக் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"இப்படித்தான் அங்கயும் சிரிக்கிறாங்க. 'சீக்கிரம்'னு கத்தினா, பின்னாடி இருந்து ஒருத்தி திருப்பி விசில் அடிக்கிறா. மொதலாளி நேத்து கூப்பிட்டு, 'பட்டன் ரூம்ல போய் உக்காருங்கம்மா, அங்க கத்த வேண்டாம்'ங்கறாரு. பட்டன் எண்றதுக்கா நான் இருபது வருஷம் நின்னேன்?"

டாக்டர் இருபத்தாறு வருடமாக எல்லாப் பல்செட்டுக்கும் சொல்லும் பதிலைச் சொன்னார். "போகப் போகப் பழகிடும்மா."

"யாருக்கு? எனக்கா, சிரிக்கிறவங்களுக்கா?"

டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டார். உண்மையில் அந்தப் பல்செட்டை அவர் சரியாகப் பார்த்ததுகூட இல்லை. அச்சு எடுத்தார், லேபுக்கு அனுப்பினார், வந்ததை மாட்டினார், "கடிங்க" என்றார், கடித்தார்கள். அவ்வளவுதான். இப்போது கழற்றி வாங்கி அங்கே கொஞ்சம், இங்கே கொஞ்சம் ராவிக் கொடுத்தார். அந்த அம்மாள் மாட்டிக்கொண்டு "சரி, சொல்லுங்க" என்றார். முன்பு ஒரு விசிலாக வந்தது இப்போது இரண்டு சுருதியில் வந்தது.

மூன்றாம் நாள் மறுபடி ராவினார். அன்று 'ச' மட்டுமல்ல, 'ஜ'வும் சேர்ந்துகொண்டது.

அதற்கு மறுநாள் வீட்டுக்காரர் தனியாக வந்தார். ஒல்லியான மனிதர், கதவைத் திறக்கும்போதே கதவிடம் மன்னிப்புக் கேட்பவர்போல் இருந்தார். சிஸ்டர் வெளியே போகும்வரை காத்திருந்து, குரலைத் தணித்துக்கொண்டார்.

"டாக்டர், மொத மொதல்ல உங்க கிட்ட ஒண்ணு கேக்கணும்னு நெனச்சேன். கொஞ்சம் மெதுவாவே செய்ங்கன்னு. ஏன்னா முப்பது வருஷத்துல மொத தடவையா நான் ஈரத் துண்ட கட்டில்ல போட்டேன், திட்டு வாங்காம. அந்தம்மா வாயத் தொறக்கும், விசில் வரும், நான் சிரிச்சுடுவேன், அதுவும் விட்டுடும். சொர்க்கம்னு நெனச்சேன்."

"இப்ப?"

"இப்ப பேசறதே இல்ல டாக்டர். எதுவும் பேசறதில்ல. நேத்து வேணும்னே மூணு துண்டு போட்டேன். எடுத்துக் காயப்போட்டுட்டுப் போயிடுச்சு." அவர் தன் செருப்பைப் பார்த்தார். "வீடு ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு. நீங்க எப்படியாவது திட்ட வெச்சுடுங்க."

அவர் போன பிறகு டாக்டர் வெகுநேரம் சுழல் நாற்காலியில் அரைவட்டம் போட்டுக்கொண்டிருந்தார். 'நான் பல்லைத்தானே கட்டினேன், வாயைக் கட்டிவிட்டேனே' என்று தோன்றியது. பிறகு பீரோவின் மேலிருந்து கல்லூரிக் காலத்துப் புத்தகம் ஒன்றை இறக்கினார். அதன்மேல் இருந்த தூசியில் சிஸ்டர் நான்கு முறை தும்மினாள். மத்தியானச் சாப்பாட்டை மறந்து அவர் படித்ததை அவள் கதவோரம் நின்று பார்த்தாள். பதினெட்டு வருடத்தில் அவள் பார்க்காத காட்சி. ஏதோ சொத்து வழக்கு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

வித்தை எளிமையானதுதான். பல்செட்டின் மேலண்ணப் பக்கத்தில் பவுடர் தூவ வேண்டும். மாட்டிக்கொண்டு பேசச் சொல்ல வேண்டும். நாக்கு தொடும் இடத்தில் பவுடர் அழியும், தொடாத இடத்தில் நிற்கும். காற்று எந்தச் சந்து வழியாக ஓடுகிறது என்று நாக்கே படம் வரைந்து காட்டிவிடும்.

மறுநாள் அந்த அம்மாளும் வீட்டுக்காரரும் வந்தார்கள். சிஸ்டர் தன் கைப்பையிலிருந்து முகப் பவுடரைக் கொடுத்தாள். தூவி, மாட்டி, "சாதாரணமா ஏதாவது சொல்லுங்கம்மா" என்றார் டாக்டர்.

"சட்டை. பாக்கெட். காலர். சாயம்." விசில் வரவே இல்லை.

"நல்லா இருக்கே!"

"மெதுவாச் சொன்னா வராது. கோவமாச் சொன்னாத்தான் வரும்."

"அப்ப கோவமாச் சொல்லுங்க."

அந்த அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "கேட்டவொடன வர்றதுக்கு அது என்ன கொழாத் தண்ணியா?"

வீட்டுக்காரர் முன்வந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு தன் குற்றங்களைப் பட்டியல் போட்டார். ஈரத் துண்டு மூன்று. கேஸ் அடுப்பை அணைக்காமல் போனது. மூத்த மகளின் பிறந்தநாளை மறந்துவிட்டு நினைவிருந்ததுபோல் நடித்தது. கடைசியில், கல்யாணமான புதிதில் காணாமல்போன ஒரு குடையைத் தான்தான் தொலைத்ததாகவும் ஒப்புக்கொண்டார். அந்த அம்மாள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு, "பாவம்" என்றார். அதில் 'ச'வே இல்லை.

அப்போதுதான் மச்சினன் ஃபோன் வந்தது. டாக்டருக்குப் பழக்கதோஷம், நாற்காலியில் ஒருவர் வாயில் எதையாவது வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அவருக்குக் காது கிடையாது என்பது அவர் எண்ணம்.

"ஆமா மாப்ளே, போர்டுல என் பேரும் போட்டுடு. இங்க எல்லாம் முடிஞ்ச மாதிரிதான். ஒரே ஒரு பல்செட்டு கேசு இழுத்துக்கிட்டு இருக்கு. அத எப்படியாவது தள்ளி விட்டுட்டா..."

அவர் முடிக்கவில்லை.

"எதத் தள்ளி விடப் போறீங்க?"

நாற்காலி தானாக நிமிர்ந்ததா, அந்த அம்மாள் நிமிர்ந்ததில் அது பயந்து நிமிர்ந்ததா என்று சொல்ல முடியாது.

"ஒரு சட்டைல ஒரு பட்டன் தள்ளித் தெச்சிருந்தா, மொத்தத்தையும் பிரிச்சுத் தைக்க வெப்பேன் நான்! நீங்க ஒரு மனுஷி வாயையே தப்பாத் தெச்சுட்டு, தள்ளி விட்டுட்டு, டைல்ஸ் விக்கப் போறீங்களா? அதுக்கு எதுக்கு அஞ்சு வருஷம் படிச்சீங்க? உங்களுக்குச் சலிப்பா இருந்தா நாங்க விசில் அடிக்கணுமா? சுவத்துல ஒட்டின டைல்ஸ் 'சார், நான் சரியாப் பேசறேனா'ன்னு உங்கள வந்து கேக்குமா? சொல்லுங்க!"

ஒவ்வொரு 'ச'வுக்கும் ஒரு விசில். வெளியே காத்திருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். சிஸ்டர் கையிலிருந்த கிண்ணம் ஆடியது. வீட்டுக்காரர் கண்களை மூடி, நல்ல பாட்டைக் கேட்பவர்போல் தலையை மெல்ல அசைத்துக்கொண்டிருந்தார்.

டாக்டரின் முகம் முதலில் சிவந்தது. காது சுட்டது. உறைக்க வேண்டிய இடத்தில் உறைத்தது. ஆனால் கடைசி வசையின் நடுவே அவர் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. ஸ்வரம் பிடிப்பவர்போல் விரலை உயர்த்தினார்.

"'சுவத்துல' சொல்லும்போது பெரிசா வருது! நிறுத்தாதீங்கம்மா, இன்னும் ரெண்டு வார்த்தை!"

"சொரணை இருக்கா உங்களுக்கு?"

"போதும், போதும்! ஆ காட்டுங்க!"

பல்செட்டைக் கழற்றி விளக்கடியில் பிடித்தார். கோபத்தில் நாக்கு அழுந்தி இரண்டு பக்கமும் பவுடரைத் துடைத்திருந்தது. நடுவில், முன்பற்களுக்குப் பின்னால், வெள்ளையாக ஒரு சின்ன வாய்க்கால். அவ்வளவு குறுகலாக, அவ்வளவு ஆழமாக. காற்று பாவம், வேறென்ன செய்யும்? விசில்தான் அடிக்கும்.

"சிஸ்டர், இங்க வந்து பாருங்க! எவ்ளோ அழகா இருக்கு!"

சிஸ்டர் வந்து பார்த்தாள். பவுடர் ஒட்டிய பல்செட்தான் தெரிந்தது. ஆனால் டாக்டரின் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆமாம்" என்றாள்.

மெழுகை உருக்கி வாய்க்காலை மேடாக்கினார். மறுபடி மாட்டி, மறுபடி திட்டச் சொன்னார். இப்போது அந்த அம்மாளுக்கும் ருசி கண்டுவிட்டது. டாக்டரை விட்டு மச்சினனுக்குப் போனார், அங்கிருந்து மொதலாளிக்கு, பட்டன் ரூமுக்கு, கடைசியில் குடைக்கு வந்தார். "அப்ப அந்தக் கொடையத் தொலச்சது நீங்கதானா? எங்கம்மாவச் சந்தேகப்பட்டேனே சண்டாளா!" ஏழாவது முறை மெழுகைச் சீவியபோது விசில் மூச்சாகி, மூச்சு காணாமல் போனது. 'சண்டாளா' சுத்தமாக, கெட்டியாக, ஆணி அறைந்ததுபோல் வந்து விழுந்தது. வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

லேபுக்கு டாக்டர் அதைத் தானே எடுத்துப் போனார். இருபத்தாறு வருடத்தில் அந்த லேப் எந்தத் தெருவில் இருக்கிறது என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. மெழுகு இருந்த இடத்தில் கெட்டியாக வார்த்துப் பளபளப்பாக்கும்வரை பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அங்கிருந்தவரை வேலை செய்ய விடாமல் படுத்தினார். அன்று வீட்டில் நாக்கு, காற்று, வாய்க்கால் என்று கைகளை ஆட்டிக் கதை சொன்னார். மனைவி சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். கடைசியில், "என் தம்பிகிட்ட என்ன சொல்லப் போறீங்க?" என்றாள். "முதல்ல அந்தம்மா கம்பெனில எப்படிப் பேசறாங்கன்னு பாக்கணும்" என்றார் அவர். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்பது இருவருக்கும் தெரிந்தே இருந்தது.

இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள் தன் பகல் இடைவேளையில் தையல் கம்பெனி வாசலில் போய் நின்றார். உள்ளே மெஷின்கள் மழைபோல் இரைந்துகொண்டிருந்தன. சட்டென்று அதையெல்லாம் கிழித்துக்கொண்டு ஒரு குரல்: "சந்தைக்கடையா இது? மூணாவது வரிசை, சிரிச்சது போதும், சீக்கிரம்!" மெஷின் சத்தம் ஒரு கணம் அப்படியே நின்று, முன்னைவிட வேகமாகத் தொடங்கியது. ஒரு விசில் இல்லை. டாக்டர் தன்னை அறியாமல் சட்டையைச் சரிசெய்துகொண்டு நேராக நின்றார்.

"யாரு வேணும் சார்?"

கேட்டில் நின்ற வாட்ச்மேன் கேட்டார். கேட்கும்போது இடது கை வாயை மறைத்திருந்தது.

"யாரும் வேண்டாம். சும்மாத்தான்..." என்ற டாக்டர், ஒரு அடி முன்னால் வந்தார். "கைய எடுங்க. முன்பல்லு எப்ப ஒடஞ்சது?"

"அது ஆச்சு சார் நாலு வருஷம். பேசினா ஒரு மாதிரி காத்து..."

"எங்க, 'சாவி' சொல்லுங்க."

"சாவி."

"இந்தப் பக்கம் வெயிலுக்குத் திரும்புங்க. ஆ. இன்னும் நல்லா. ஆ..."

வாட்ச்மேன் உச்சி வெயிலைப் பார்த்து வாயைப் பிளந்தார். தொப்பி பின்னால் விழுந்தது. அவர் நல்ல உயரம். டாக்டர் நுனிக்காலில் எம்பி, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். துணிமூட்டை ஏற்றி வந்த லாரி ஒன்று மூடிய கேட்டுக்கு முன்னால் வந்து நின்று ஹாரன் அடித்தது. பின்னாலேயே இன்னொன்றும் வந்து அதுவும் அடித்தது. "நாக்கக் கொஞ்சம் தூக்குங்க" என்றார் டாக்டர்.