குளிரறை வாடகை

ஜெர்மனியில் கழித்துக் கொடுக்கிறார்கள் என்ற ஒரு கதையை நம்பித்தான் றோஸ்மலர் மூன்று வருட வைத்தியப் பற்றுச்சீட்டுகளையும் கைப்பைக்குள் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். கதை சொன்னவன் புருஷன் கிருசாந்தன். லண்டனுக்கு வந்து ஈஸ்ட் ஹாமில் மீன்கடை போடுவதற்கு முன் பதினொரு வருடம் அங்கே இருந்தவன். அவனுடைய தமையன் பிள்ளை கிடைப்பதற்காகச் செய்த வைத்தியச் செலவை வரியில் கழித்து, நல்ல தொகை திரும்ப வாங்கினானாம். இங்கேயும் அப்படித் திரும்பினால், கிளினிக்கில் உறைய வைத்திருக்கும் இரண்டு கருவில் ஒன்றையாவது இந்த வருடம் வயிற்றில் வைத்துப் பார்க்கலாம். அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. அடுத்த வருடம் பார்ப்போம் என்று சொல்லும் வயதைத் தாண்டியாயிற்று.

கணக்குப் பார்க்கிற கிறிஸ்துநாயகத்துக்கு ஒரு நகைக்கடையின் மேல்மாடியில் அலுவலகம். தேவாலயத்துப் பங்குச் சபையிலும் அவர்தான் பெரிய ஆள். சோதனைக்குழாய்ப் பிள்ளை பெரும் பாவம் என்று போன தவக்காலத்தில்கூட நீட்டி முழக்கியவர். வேறு ஆளைப் பிடிப்போம் என்று றோஸ்மலர் சொன்னதற்கு, “எங்கட ஆள், குறைச்சு எடுப்பார்” என்று கிருசாந்தன் வாயை அடைத்துவிட்டான். இப்போது அவர் முன்னால் இருந்துகொண்டு சுற்றி வளைத்துக் கேட்டான்.

“அண்ணை, மருந்துச் செலவை வரியில கழிக்க ஏலுமோ? ஜெர்மனியில கழிப்பினம்.”

“ஆருக்கு என்ன வருத்தம்?”

“சும்மா. எனக்கு நாரி நோ” என்று இடுப்பைத் தடவிக் காட்டினான்.

“இது ஜெர்மனி இல்லைத் தம்பி. கடை வான் பழுதானால் கழிக்கலாம். ஆள் பழுதானால் ஏலாது.” தன் பகிடிக்குத் தானே சிரித்தார்.

அவ்வளவுதான். மூன்று வருடமாகக் கட்டிய கோட்டை ஒரு பகிடியோடு சரிந்தது. றோஸ்மலருக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

“ஆனால் இது நல்லாக் கழியும்” என்று அவர் ஒரு தாளை எடுத்தார். “குளிரறை வாடகையில போட்டுட்டன்.”

றோஸ்மலர் எட்டிப் பார்த்தாள். அது கிளினிக்கின் பில். வீட்டில் மாமி கடிதங்களைப் பிரிப்பாள் என்று கடை விலாசத்தைக் கொடுத்தது அவள்தான். மேலே கிளினிக்கின் பெயர் வெறும் மூன்று எழுத்தில் இருந்தது. கீழே உறைநிலைச் சேமிப்பு, இரண்டு, ஒரு வருடம் என்று மட்டும் போட்டிருந்தது. கடைக் கடிதங்களோடு சேர்ந்து அது இங்கே வந்திருந்தது. மீன்கடைக் கணக்குப் பார்க்கிறவர் வேறென்னத்தை நினைப்பார்?

“உள்ளுக்க என்ன கிடக்கு? வரிக்காரர் கேட்டால் நான் சொல்லவேணும்.”

கிருசாந்தன் பில்லைப் பார்த்தான். விளங்கிவிட்டது என்று அவன் தொண்டையைச் செருமியதிலேயே தெரிந்தது.

“மீன்தான்.”

“ரெண்டு பெட்டிக்கோ இவ்வளவு வாடகை? கடையில பெரிய பிரீசர் கிடக்குத்தானே. இதை நிப்பாட்டுங்கோ. பழசெண்டால் எறிஞ்சுவிடுங்கோ.”

“ஓம் அண்ணை, எறியிறன்.”

வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளிக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் வயிறு பற்றி எரிந்தது. ஊசி குத்திக் குத்திக் கன்றிப்போன வயிறு அது.

“எறிய ஏலாது” என்றாள். “அது மீன் இல்லை அண்ணை. எங்கட பிள்ளையள்.”

கிறிஸ்துநாயகம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பில்லை இன்னொரு தடவை வாசித்தார். பாவம் என்றும் சொல்லவில்லை, பரிதாபம் என்றும் சொல்லவில்லை. சிவப்புப் பேனையை எடுத்துத் தன் பட்டியலில் அந்த வரியை வெட்டினார்.

“பிள்ளையள் எண்டால் கழிக்க ஏலாது, தங்கச்சி.”

படியில் இறங்கும்போதுதான் கிருசாந்தன் வாயைத் திறந்தான். “ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு முதல் எல்லாருக்கும் தெரிஞ்சிடும். நீர் அதை மீன் எண்டே விட்டிருக்கலாம்.”

றோஸ்மலர் கைப்பையை இறுக்கிக்கொண்டு அவனுக்கு முன்னால் இறங்கினாள். இவனுக்கு ஒரு பிள்ளை பெற்றுக் கொடுக்கவா இத்தனை பாடும் பட்டோம் என்று மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவளுக்கு வெறுத்துப் போயிற்று.