சந்தியாகு எழுந்து நடந்த கிறிஸ்துமஸ்

கால் முறிந்தது சித்திரையில். ஆடியிலேயே எலும்பு கூடிவிட்டது, தினமும் நடக்கவேண்டும் என்று பொன்னேரி டாக்டர் சொல்லி அனுப்பினார். பக்கத்து வீட்டு சந்தியாகு கட்டிலை விட்டு இறங்கினால்தானே? எழுபத்தெட்டாம் வருஷத்து மழை முழுக்க அதிலேயே கிடந்தான். கட்டில் கயிறு தொய்ந்து தரையைத் தொட்டதுதான் மிச்சம். மீன்கூடை சுமந்தது அவன் பெண்டாட்டி செசிலியா. வேலி ஓட்டை வழியாக நான் பார்க்காத நாளில்லை. எனக்கு வேறு என்ன வேலை?

டிசம்பரில் விஷயம் முற்றியது. எங்கள் ஏரியில் வலை வைக்க ஆளுக்கொரு முறை உண்டு; பாடு என்போம். இறால் நிறைய விழுகிற முகத்துவாரப் பாடு, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் சந்தியாகுவுக்கு வந்தது. முறைக்காரன் தானே படகைத் தள்ளி இறக்கி ஏறவேண்டும். முடியாவிட்டால் அடுத்தவனுக்கு. பிறகு ஒரு வருஷம் காத்திருக்கவேண்டியதுதான்.

அடுத்தவன் வரதன். அவனுக்குத்தான் எவ்வளவு பாசம்! தினம் முறுக்கோடு வந்து, "இன்னாண்ணே அவசரம், நல்லா படுத்துக்கோ" என்பான்.

செசிலியா வீடுவீடாகப் போனாள். "பலகாரம் யாரும் எங்க வூட்டுக்கு எடுத்துனு வராதீங்க. வேணும்னா அந்த ஆளே நடந்து வந்து வாங்கட்டும்." தன் வீட்டில் எண்ணெய்ச் சட்டியே வைக்கவில்லை. வரதனின் முறுக்கையும் வாசலிலேயே வாங்கி ஆட்டுக்குப் போட்டாள்.

தெருவெல்லாம் வெல்லப்பாகு வாசனை. சந்தியாகு ஒருநாள் முழுக்கத் திட்டினான். மறுநாள் சுவரைப் பிடித்துக்கொண்டு என் வாசலுக்கு வந்துவிட்டான்.

"ரெஜினா, அதிரசம் சுட்டியா?"

"ஒண்ணு துன்னுட்டு மாதா கோயில் பக்கம் போ. அங்க கேக்கு குடுக்கறாங்களாம்."

திட்டிக்கொண்டே போனான். பண்டிகைக்குள் கோயிலுக்கும் கரைக்கும் நடந்துவந்தான். தொப்பை குறையவில்லை; கால்தான் நிலைக்கு வந்தது.

பண்டிகைக்கு மறுநாள் காலை ஊரே கரையில். வரதன் தோளில் வலையோடு தயார். ஊர்த்தலைவர் பெருமாள் சொன்னார்: "யாரும் கை வைக்கக்கூடாது. தள்ளு."

தள்ளினான். படகு சேற்றில் அசையவில்லை. மறுபடி தள்ளினான். முறிந்த கால் வெடவெடவென்று ஆடியது.

"போதும்ணே, காலு போய்டும்," என்றான் வரதன்.

செசிலியா முந்தானையைக் கடித்துக்கொண்டாள். மூன்றாம் தள்ளலில் படகு சர்ரென்று வழுக்கியது. சந்தியாகு சேற்றில் குப்புற விழுந்தான். ஆளில்லாத படகு மிதந்து போனது.

"படகு எறங்கிச்சு, ஆளு ஏறலியே!" என்று வரதன் தண்ணீரில் பாய்ந்தான்.

"யோவ், எழுந்துருய்யா! நட!" என்று கரையிலிருந்து கூவினாள் செசிலியா.

எழுந்தான். இடுப்பளவுத் தண்ணீரில் இரண்டுபேரும் படகைத் துரத்தினார்கள். சந்தியாகுவின் கைதான் முதலில் விளிம்பைப் பிடித்தது. ஏறப்போனான், தொப்பை வழுக்கியது. மறுபடி எம்பி, கரையில் போட்ட மடவை மீன் மாதிரி துள்ளி உள்ளே விழுந்தான்.

"ஏறிட்டான்," என்றார் பெருமாள்.

வரதன் வலையோடு தண்ணீரிலேயே நின்றான். சந்தியாகு கழியை ஊன்றி முகத்துவாரம் பக்கம் திருப்பினான். செசிலியா முழங்கால் தண்ணீர்வரை போய்க் கத்தினாள்:

"மூச்சு வாங்குதா? வாங்கட்டும்யா, ஊனு!"