மூன்று பேர் வீட்டில் இரண்டு பேர் குளியல்

ஜூன் மாதம் வந்தால் பிரேசிலின் பெலோ ஹொரிசோன்டே நகரில் குளிரில் பல் தந்தியடிக்கும். அப்படிப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், மார்லூசியா ஒரு நாற்காலியைக் குளியலறைக்குள் இழுத்துப் போட்டு ஏறி நின்றாள். மின்சார ஷவரின் விசை 'குளிர்காலம்' என்று எழுதிய இடத்தில் இருந்தது. அதை, சூடும் மின்சாரச் செலவும் குறைகிற 'கோடை' என்று எழுதிய இடத்துக்குத் திருப்பி, மறுபடி யாரும் தொட்டுவிடாதபடி மேலே பிளாஸ்டரும் ஒட்டிவிட்டாள். கீழே அவள் கணவன் வால்தோமிரோ நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பிளாஸ்டரையே பார்த்தான்.

வால்தோமிரோ நகரப் பேருந்து ஓட்டுகிறவன். நல்லவன்தான். சிகரெட் இல்லை, சீட்டாட்டம் இல்லை. பகலெல்லாம் போக்குவரத்து நெரிசலில் திட்டு வாங்கிவிட்டு வருகிறவனுக்கு உலகத்தில் இருந்த ஒரே ஆடம்பரம் வெந்நீர்க் குளியல். உள்ளே போனால் போனதுதான். கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து, சுவரில் தண்ணீர் வழிந்து, இரண்டு மூன்று பாட்டுகள் முடிந்த பிறகுதான் வேகவைத்த பீட்ரூட் நிறத்தில் வெளியே வருவான். மின்சாரக் கட்டணத்தில் பாதி அவன் முதுகில்தான் ஓடியது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அன்று மதியச் சாப்பாட்டில் மார்லூசியா விஷயத்தைப் போட்டு உடைத்தாள். வருகிற ஜனவரியில் மூன்று பேரும் குவாரபாரிக்குப் போகிறோம், கடல் பார்க்கிறோம். சம்பளம் ஏறப்போவதில்லை, லாட்டரி விழப்போவதில்லை. பணம் இந்த வீட்டுக்குள்ளேயே சிதறிக் கிடக்கிறது, அதைப் பொறுக்கி எடுக்கப்போகிறோம் என்றாள்.

இதில் அவளுக்கு ஒரு பழைய ஆற்றாமை இருந்தது. அவர்கள் இருக்கும் மினாஸ் மாநிலத்துக்குக் கடல் கிடையாது. அதனாலேயே அங்கே பிறந்தவர்களுக்குக் கடல் என்றால் உயிர். மார்லூசியா கல்லாவில் உட்காரும் சூப்பர் மார்க்கெட்டில் ஒவ்வொரு ஜனவரி முடிவிலும் கூட வேலை செய்யும் பெண்கள் கடற்கரை வெயிலில் கறுத்துப்போய்த் திரும்பி வருவார்கள். தோளில் நீச்சலுடைப் பட்டை இருந்த இடம் மட்டும் வெள்ளைக் கோடாகத் தெரியும். அதை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வார்கள். மார்லூசியாவுக்குக் காட்ட எதுவும் இருந்ததில்லை. தேனிலவுக்கு அவளைக் குவாரபாரிக்குத்தான் அழைத்துப் போவதாக இருந்தான் வால்தோமிரோ. மழையில் மலை சரிந்து சாலை அடைபட்டது. அவளைச் சேச்சி லகோவாஸ் ஊருக்குக் கூட்டிப்போய், ஏரியைக் காட்டி, இதுவும் தண்ணீர்தானே என்று கேட்டான். அந்தக் கேள்வியை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை. பிறகு ஒரு வருடம் கூரை ஒழுகியது, ஒரு வருடம் மகள் தைனாவின் பல்லுக்குக் கம்பி போட வேண்டியிருந்தது. கடல் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

ஆகவே பொறுக்கி எடுத்தாள். சந்தை நாளில் பொரித்த பேஸ்ட்ரியும் கரும்புச்சாறும் போயின. தினமும் குக்கர் வைப்பதை விட்டு, வாரத்துக்கு வேண்டிய பீன்ஸை ஒரே தடவையில் வேகவைத்து டப்பா டப்பாவாக ஃப்ரீஸரில் அடுக்கினாள். இஸ்திரிப் பெட்டி சனிக்கிழமை மட்டுமே சூடானது. கடைச் சீஸ் ரொட்டிக்குப் பதில் வீட்டிலேயே உருட்டினாள், அது கடையில் வாங்குவதைவிட நன்றாகவே இருந்தது. தைனாவுக்குப் பதினாறு வயது, வெள்ளிக்கிழமை பீட்சா நின்றுபோனதற்காக ஒரு மாலை முழுக்க அழுதாள். பிறகு அவளே அறைக்கு அறை போய் விளக்கை அணைக்க ஆரம்பித்தாள். மிச்சம் பிடிப்பதிலும் ஒரு போதை இருக்கிறது, வீட்டில் ஒருத்திக்கு ஏறினால் மற்றவளுக்கும் ஏறிவிடுகிறது.

கடைசி அடி குளியலில் விழுந்தது. யார் உள்ளே போனாலும் மார்லூசியா மரக்கரண்டியோடு வெளியே நிற்பாள். ஒரு பாட்டு முடிகிற நேரம் ஆனதும் கதவில் தட்டுவாள். தட்டினால் தண்ணீர் நிற்க வேண்டும், தலையில் நுரை இருந்தாலும் சரி.

வால்தோமிரோ முதல் நாள் அந்த 'கோடை'யில் நின்றான். வெதுவெதுப்பு என்று பெயர்தான், காதுமடல் விறைத்தது. ஒரு மாதம் இப்படிக் குளித்தால் பிணமாகத்தான் கடலைப் பார்க்கப் போகவேண்டும் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. மறுநாள் டிப்போவில் வண்டியை விட்டுவிட்டு இறங்கியவன், மெக்கானிக்குகளும் ஓட்டுநர்களும் குளிக்கிற அறைப்பக்கம் போனான். அங்கே வெந்நீர் கொட்டிக்கொண்டிருந்தது. மரக்கரண்டியோடு யாரும் நிற்கவில்லை. அவன் ஆசை தீரப் பாடினான்.

அதற்குப் பிறகு தினமும் இதே கூத்து. டிப்போவில் சுகமாக வெந்து, பேருந்து பிடித்து வீட்டுக்கு வருவான். வந்ததும் துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய், பச்சைத் தண்ணீரைத் திறந்து தலைமுடியை மட்டும் நனைத்துக்கொள்வான். ஐயோ, அம்மா என்று இரண்டு தடவை முனகுவான். மார்லூசியா கரண்டியை ஓங்குவதற்குள் நடுங்கிக்கொண்டே வெளியே வருவான். நடிப்பில் அவனுக்கு இப்படி ஒரு கை உண்டு என்பது அவனுக்கே அதுவரை தெரியாது.

மார்லூசியா உருகிப்போனாள். வெந்நீர் இல்லாவிட்டால் உயிரே போய்விடும் என்றிருந்த மனிதன் தனக்காக இப்படி நடுங்குகிறானே என்று நினைத்து, பன்றி விலா எலும்பு சமைக்கிற நாளில் பெரிய துண்டை அவன் தட்டில் வைத்தாள். சூப்பர் மார்க்கெட்டிலும் தேவாலயத்திலும் தன் கணவனைப் போல ஒருவன் உண்டா என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். அந்த விலா எலும்பைக் கடிக்கும்போது வால்தோமிரோவுக்கு உறுத்தாமல் இல்லை. ஆனாலும் கடித்தான்.

ஆகஸ்ட் மாத மின்சாரக் கட்டணம் வந்தபோது மார்லூசியாவே நம்பவில்லை. அவ்வளவு இறங்கியிருந்தது. தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள். அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு ஒதேத்தி சோளமாவு கேக்கோடு வந்து உட்கார்ந்தாள். காப்பி குடித்து முடிக்கும்வரை ஊர்க்கதை பேசிவிட்டு, குரலைத் தாழ்த்தி, மீட்டரில் கை வைத்த ஆள் யார், அவன் நம்பர் கிடைக்குமா என்று கேட்டாள். மார்லூசியா மிச்சக் கேக்கை அப்படியே கட்டி அவள் கையில் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

ஒதேத்திக்குத் தோன்றியது மின்சாரக் கம்பெனிக்கும் தோன்றியது. ஒரு சனிக்கிழமை காலை வாந்தர்லேய் என்ற பரிசோதகர் பைக்கில் வந்து இறங்கினார். ஒல்லியான, பேச்சில் மரியாதையான மனிதர். சுவரில் இருந்த மீட்டரின் சீலைப் பார்த்தார், கம்பிகளைப் பார்த்தார், ஷவரைப் போடச் சொல்லி எண் ஓடுவதைப் பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. எதிர்வீட்டு ஜன்னல்களில் தலைகள் முளைத்தன.

மீட்டரைக் கழற்றிச் சோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்றார் அவர். முடிவு வரும்வரை பழைய கணக்குப்படிதான் கட்டணம். ஏதாவது கோளாறு என்று சொல்லிவிட்டால் பின்தேதியிட்டு அபராதமும் உண்டு. மார்லூசியாவின் முகம் வெளுத்துவிட்டது. கழற்றுகிற அந்த மீட்டரோடு கடலும் போய்விடும் என்பது அவளுக்குப் புரிந்தது.

அவள் சும்மா விடவில்லை. அவரைச் சமையலறைக்குள் கூட்டிப்போய் ஃப்ரீஸரைத் திறந்து பீன்ஸ் டப்பாக்களைக் காட்டினாள். சனிக்கிழமை இஸ்திரிக்குக் காத்திருந்த துணி மூட்டையைக் காட்டினாள். மரக்கரண்டியைக் காட்டி, அதன் வேலையையும் விளக்கினாள். வாந்தர்லேய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, காகிதத்தில் ஏதோ கூட்டிக் கழித்துவிட்டு, தலையைச் சொறிந்தார்.

"எல்லாம் சரிதான்மா. ஆனா இந்த வீட்ல எத்தனை பேர் குளிக்கறீங்க?"

"மூணு பேரும்தான். எங்களைப் பாத்தா குளிக்காதவங்க மாதிரியா இருக்கு?"

"கணக்கு ரெண்டு பேருக்குத்தான் வருது."

"இதோ நிக்கறாரே, இவரைக் கேளுங்க சார்," என்றாள் மார்லூசியா. அவள் குரலில் அப்படி ஒரு பெருமை. "குளிர்காலம் பூரா பல்லைக் கடிச்சுக்கிட்டுக் குளிச்ச மனுஷன். ஒரு நாள்கூட ஒரு குறை சொன்னதில்ல. சொல்லு மிரோ."

வால்தோமிரோ திருதிருவென்று விழித்தான். வாயைத் திறக்காமல் இருந்தால் மானம் தப்பும், மீட்டர் போய்விடும். திறந்தால் மீட்டர் தப்பும். அவன் மார்லூசியாவைப் பார்த்தான். இத்தனை வருடங்களில் எத்தனையோ தடவை கடலைத் தள்ளிப்போட்டிருக்கிறான். இந்தத் தடவை அது தன்னால் போகக்கூடாது என்று நினைத்தான்.

"நான் டிப்போல குளிக்கறேன் சார்," என்றான்.

பரிசோதகரின் முகம் மலர்ந்தது. பூட்டுக்குச் சாவி கிடைத்த சந்தோஷம் அவருக்கு. ஆனால் அடுத்த கேள்வியைக் கேட்டவர் அவர் இல்லை.

"எப்பலேருந்து?" என்றாள் மார்லூசியா.

"பிளாஸ்டர் ஒட்டின மறுநாள்லேருந்து."

வாந்தர்லேய் தன் காகிதத்தில், குறைபாடு ஒன்றும் இல்லை, கணவர் வெளியில் குளிக்கிறார் என்று எழுதி, இருவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு, காப்பி கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். அனுபவசாலி. அப்போது அந்த வீட்டில் நிற்கக்கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

மார்லூசியா கத்தவில்லை. கத்தியிருந்தால் வால்தோமிரோவுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவள் பீன்ஸ் டப்பாக்களை மறுபடி அடுக்கி, ஃப்ரீஸரை மூடிவிட்டுத்தான் பேசினாள்.

"நீ வெந்நீர்ல குளிச்சது எனக்குப் பெரிசில்ல மிரோ. எங்கிட்ட சொல்லியிருந்தா நானே சோப்பு வாங்கிக் குடுத்து அனுப்பியிருப்பேன், அதுவும் மிச்சந்தானே. நீ எனக்காக நடுங்கறேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன் பாரு, அதுதான்."

அவனுக்கு அழுகை வந்துவிட்டது. அவள் கடலுக்குப் போகவேண்டும் என்று தனக்கும் ஆசைதான், குளிர்ந்த தண்ணீர் மட்டும் தன் உடம்புக்கு ஆகவில்லை, அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது என்று ஏதேதோ சொன்னான். அவள் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினாள்.

அதற்குப் பிறகு விலா எலும்பின் பெரிய துண்டு தைனாவின் தட்டுக்குப் போனது. குவாரபாரியில் தங்குவதற்கு அறை பேசியாயிற்று, தைனாவுக்குப் புது நீச்சலுடை வாங்கியாயிற்று. ஆனால் எத்தனை பேர் போகிறார்கள் என்று மட்டும் மார்லூசியா வாயே திறக்கவில்லை. வால்தோமிரோவுக்குக் கேட்க தைரியம் இல்லை. மகளைத் தூதுவிட்டுப் பார்த்தான். அம்மா முறைத்துவிட்டுப் போனதாக மகள் வந்து சொன்னாள். இந்த ஜென்மத்தில் அவளுக்குக் கடலைக் காட்டப்போவது தான் இல்லை, அவள் தானாகவே போய்ப் பார்த்துக்கொள்ளப் போகிறாள் என்று அவன் கிட்டத்தட்ட முடிவே கட்டிவிட்டான். அந்த நினைப்பு அவனை வேலை நேரத்திலும் அரித்தது. ஒரு நாள் நிறுத்தத்தில் நிற்காமலே போய், பயணிகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

நவம்பர் கடைசியில் மூன்று பேரும் பேருந்து நிலையத்துக்குப் போனார்கள். மூட்டை தூக்கப் போவதுபோல வால்தோமிரோ ஓர் அடி பின்னால் நடந்தான். டிக்கெட் கவுண்டரில் இருந்த பையன் எத்தனை பேர் என்று கேட்டான். மார்லூசியா கைப்பையைத் திறந்து, எதையோ தேடுவதுபோலத் தேடி, மூடினாள்.

"மூணு," என்றாள்.

வால்தோமிரோ மூச்சை விட்டான்.

"ரெண்டு முன்னாடி, அதுல ஒண்ணு ஜன்னல் சீட்டு. இன்னொண்ணு கடைசில, கழிவறைக் கதவுக்குப் பக்கத்துல. அது காலியா இருக்கா?"

அந்த சீட்டு எப்போதும் காலியாகத்தான் இருக்கும், அதை யாரும் கேட்டு வாங்குவதில்லை என்றான் பையன். தெரியும் என்றாள் மார்லூசியா. பேருந்து ஓட்டுகிற வால்தோமிரோவுக்கு அது இன்னும் நன்றாகத் தெரியும். அந்த சீட்டு பின்னால் சாயாது. பக்கத்துக் கதவு ஒவ்வொரு வளைவிலும் திறந்து அடித்துக்கொள்ளும், வாடையைச் சொல்லவே வேண்டாம். பையன் இரக்கத்தோடு அவனைப் பார்த்தான்.

"பொட்டுத் தூக்கம் வராது சார் அதுல."

வால்தோமிரோ சிரித்த முகத்தோடு கவுண்டருக்கு முன்னால் வந்து நின்றான்.

"பரவாயில்ல தம்பி, அதையே போடு," என்றான். "கடைசி சீட்டும் கடலுக்குத்தானே போவுது."