எமிலுக்குக் கிட்டார் தெரியாது

1

இந்தக் கதை என் சொந்த யோசனை இல்லை. பக்கத்து வீட்டு லோர்னா கோமோ கேட்டுக்கொண்டாள். 'கேட்டுக்கொண்டாள்' என்பது மரியாதைக்குப் போட்ட சொல். உண்மையில் என் சமையலறையில் உட்கார்ந்து, நான் போட்ட தேநீரைக் குடித்துக்கொண்டே உத்தரவு போட்டாள்.

"நீ உன் பாஷையில கதை எழுதுறவதானே. எமிலப் பத்தி எழுது. டிவியில வந்த மாதிரி இல்ல, உள்ளபடி."

"இங்க ஒருத்தருக்கும் படிக்கத் தெரியாதே லோர்னா."

"அதுக்குத்தான்டி உன்கிட்ட சொல்றேன். இங்கிலீஷ்ல எழுதினா நாளைக்கே எவனாவது கேமராவத் தூக்கிட்டு வாசல்ல வந்து நிப்பான்."

ஆகவே வாசகரே, நீங்கள் நல்லவர் என்பதால் தேர்ந்தெடுக்கப்படவில்லை. தூரத்தில் இருக்கிறீர்கள், அதனால்தான்.

(லோர்னா பேசியது ஆங்கிலம். அதில் 'டி' கிடையாது. ஆனால் முப்பது வருஷமாக அவள் என்னைக் கூப்பிடுகிற தோரணையில் அது இருக்கிறது. நான் சேர்க்கவில்லை, கேட்டதை எழுதுகிறேன்.)

முதல் தொடக்கம் இப்படி எழுதினேன்: அக்டோபர் மாதத்துக் கல்குவாரிக் குளம், வானத்தைப் பார்த்துக் கண்மூடிக் கிடந்த ஒரு

வேண்டாம். எமில் கதையை வைத்து எடுத்த தொலைக்காட்சித் தொடரும் குளத்தில்தான் தொடங்கியது. பின்னணியில் வயலின் வேறு.

இரண்டாவது தொடக்கம்: ஆல்டர் கோவ் என்ற எங்கள் கடலோர ஊரில், இருபத்தைந்து வருஷத்துக்கும் முன்பு, எமில் கோமோ என்ற பதினாறு வயதுப் பையனை அவன் வகுப்புப் பையன்கள் மூன்று பேர் சேர்ந்து கொன்றார்கள். அவன் லோர்னாவின் ஒரே மகன்.

இது இருக்கட்டும்.

2

எமிலுக்கு நான் கணக்கு ஆசிரியை. என் பெயர் மங்கையர்க்கரசி. பள்ளியில் சேர்ந்த முதல் நாள் கரும்பலகையில் முழுப் பெயரையும் எழுதிப் போட்டேன். கடைசி வரிசையிலிருந்து ஒருவன் எழுந்து எழுத்துக் கூட்டிப் படித்தான். பாதியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

"மிஸ், இத முடிக்கிறதுக்குள்ள பெல் அடிச்சிடும். மேங்கோன்னு கூப்பிடட்டுமா?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன் என்று எழுத ஆசைதான். முறைத்தேன். அன்றிலிருந்து தபால்காரர் முதல் பாதிரியார் வரை ஊருக்கே நான் மேங்கோ.

அதுதான் எமில். தலைமை ஆசிரியருக்குப் பின்னால் வாத்து நடை நடப்பான். அம்மாவோடு சீட்டாடும்போது ராஜாவை முட்டிக்கு அடியில் ஒளித்துவைப்பான். யாருக்குப் பெயர் வைத்தாலும் அது ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொள்வதில் ஒரு சங்கடம் உண்டு. வேட் ஹெனிகர் என்ற பையன் ஒரு பனிநாள் காலையில், தன் பூட்ஸ் காயாததால் அம்மாவின் இளஞ்சிவப்பு பூட்ஸைப் போட்டுக்கொண்டு வந்தான். எமில் அவனுக்கு 'பிங்க்கி' என்று பெயர் வைத்தான். ஒரு நாளோடு போயிருந்தால் வேடிக்கை. வருஷம் முழுக்க இழுத்தான். கண்டித்தேன். வேடிடம் போய் மன்னிப்புக் கேட்டான். ஒரு வாரத்தில் மறுபடி ஆரம்பித்தான்.

[நல்ல பையன்தான், ஆனால் — என்று ஒரு வாக்கியம் இங்கே வரப்பார்த்தது. 'ஆனால்' என்று எழுதியதும் நிறுத்திவிட்டேன். அந்தச் சொல்லுக்குப் பின்னால் எதைப் போட்டாலும் தப்பாகிறது.]

3

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொடரில் இதற்கு ஒரு முழு அத்தியாயம் ஒதுக்கியிருந்தார்கள்.

வேடும் இன்னும் இரண்டு பையன்களும் எமிலைப் பழைய கல்குவாரிக்குக் கூட்டிப்போனார்கள். தண்ணீரில் தள்ளினார்கள். மன்னிப்புக் கேட்டால் ஏறி வரலாம் என்றார்கள். எமில் கேட்கவில்லை. பாறை விளிம்பில் அவன் கைவைத்தபோதெல்லாம் விரலை மிதித்தார்கள். அந்தக் குளிரில் உடம்பு சீக்கிரம் மரத்துவிடும். அவன் அசையாமல் ஆனபோது, இதுவும் அவனுடைய நடிப்பு என்று நினைத்தார்கள். நடிப்பில்லை என்று புரிந்ததும் இரண்டு பேர் ஓடினார்கள். வேட் குதித்தான். பிரயோசனம் இல்லை.

மூன்று பேரும் தண்டனை அனுபவித்தார்கள். இரண்டு பேர் மேற்கே போய்விட்டார்கள். வேட் மட்டும், பக்கவாதத்தில் விழுந்த அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஊருக்குத் திரும்பினான். அவள் இறந்த பிறகும் இங்கேயே இருக்கிறான்.

[இந்தப் பத்தியை லோர்னாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். "சரியா இருக்கு" என்றாள். பிறகு எழுந்துபோய் என் கோப்பைகளைக் கழுவினாள். அவை ஏற்கெனவே கழுவி வைத்தவை.]

4

இரண்டு வருஷத்துக்கு முன்பு படப்பிடிப்புக் குழு வந்தது. இயக்குநர் கிரெட்டா லிண்ட், டொரொன்டோக்காரி, நாற்பது வயதிருக்கும், தன்மையானவள். அவளைக் கொஞ்சம் கர்வியாக எழுதினால் எனக்கு வேலை சுலபம். முயன்றேன். ஆனால் வந்த முதல் வாரமே லோர்னாவைத் தேடிவந்து, கம்பளித் தொப்பியைக் கையில் வைத்துப் பிசைந்துகொண்டு நின்றவளை எப்படிக் கர்வி என்பது?

லோர்னாவைப் படப்பிடிப்புக்கு அழைத்தாள். துணைக்கு நானும் போனேன். பள்ளி வராந்தாவில் ஒரு அழகான பையன் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தான்.

"யாரு இது?" என்றாள் லோர்னா.

"உங்க மகன்தான். டேனியல்னு பேர் மாத்தியிருக்கோம்."

"டேனியல் எதுக்குக் கிட்டார் வாசிக்கிறான்?"

"மென்மையான பையன்னு பாக்கிறவங்களுக்குப் புரியணும்ல."

"எமிலுக்குக் கிட்டார் தெரியாது. பெத்த அம்மாவையே சீட்டுல ஏமாத்துவான். அது வருதா?"

கிரெட்டா தயங்கினாள். "வராது. அவன் கிண்டல் பண்ணினத எல்லாம் காட்டினா, 'வாய்க்கொழுப்பு, வாங்கிக் கட்டிக்கிட்டான்'னு சொல்லிடுவாங்க லோர்னா. நான் உங்க மகனக் காப்பாத்தப் பாக்கிறேன்."

"அப்ப நல்ல புள்ளையாயிருந்தாதான் கொல்லக் கூடாதா? வாய்த்துடுக்கா இருந்தா பரவாயில்லையா?"

கிரெட்டா மறுபடி தொப்பியைப் பிசைந்தாள். ஆனால் அவள் முதலில் சொன்னதிலும் உண்மை இருந்தது என்று நினைக்கிறேன். இதைப் படிக்கிற உங்களுக்கும் இரண்டாம் பகுதியில், அந்த பூட்ஸ் விஷயத்தில், எமில் மேல் லேசாக ஒரு கோபம் வந்ததல்லவா? வந்திருக்கும். எனக்கும் எழுதும்போது வந்தது.

கிட்டார் பையனின் பெயர் மைக்கா. லோர்னா அவன்மேல் கோபப்படவில்லை. வீட்டுக்குக் கூட்டிவந்து, உருளைக்கிழங்கும் கோழியும் சேர்த்துச் சுட்ட ரப்பூரை ஊட்டாத குறையாகச் சாப்பிடவைத்து, சீட்டில் ஏமாற்றவும் கற்றுக்கொடுத்தாள். அடுத்த வாரப் படப்பிடிப்பில், பழைய தொப்பி ஒன்றைப் போட்டுத் தலைமை ஆசிரியராக நடித்தவரிடம் அவன் வசனத்தில் இல்லாததைச் சேர்த்துச் சொன்னான்: "சார், அந்தத் தொப்பி உங்களுக்கு அண்ணனா?" கேமராக்காரர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். லோர்னா சிரித்து முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, மறுபடி சிரித்தாள்.

தொடரில் அதை வெட்டிவிட்டார்கள்.

5

இப்போது எனக்குப் பிடிபடாத பாத்திரத்துக்கு வருகிறேன். வேட் ஹெனிகர்.

வேடின் கண்களில் ஆறாத குற்றவுணர்வு

இல்லை. அவன் கண்களை நான் அவ்வளவு அருகில் பார்த்ததில்லை.

வேட் ஒரு காலத்தில்

இதுவும் இல்லை. லோர்னாவிடமே கேட்டேன்.

"அவனப் பத்தி நல்லதா எழுதாத," என்றாள்.

"கெட்டதா எழுதட்டுமா?"

"அதுவும் வேணாம்."

"அப்புறம் என்னதான் எழுதுறது?"

"உயரம் எழுது. தாடி எழுது."

உயரமானவன். தாடி உண்டு. படகு எஞ்சின் பழுது பார்க்கிறான். ஊர் சின்னது, கடைத்தெரு ஒன்றுதான். லோர்னா எதிரே வந்தால் தொப்பியைக் கழற்றுவான். லோர்னா கடலைப் பார்ப்பாள். போன மார்ச் வரை, இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக அவர்களுக்குள் ஒரு சொல் இருந்ததில்லை. இங்கே கடல் எல்லாப் பக்கமும் தெரிவது வசதிதான்.

6

தொடரின் கடைசிக் காட்சியைக் கிரெட்டா எழுதி முடித்ததும், நாணயமாக, லோர்னாவிடம் முன்கூட்டியே சொன்னாள். நீதிமன்றப் படிக்கட்டில் அந்தத் தாய் கொலைகாரப் பையனைக் கட்டிக்கொண்டு, "உன்ன மன்னிச்சிட்டேன்" என்கிறாள்.

"நான் அப்படிச் செய்யலையே," என்றாள் லோர்னா.

"தெரியும். ஆறு வாரம் இந்த வேதனையப் பாக்கிறவங்களுக்குக் கடைசியில ஏதாவது குடுக்கணும்."

"உனக்குக் குடுக்கணும்னா உன் கையிலேருந்து குடு. நீ மன்னிச்சுக்கோ. என் பேருல எதுக்கு?"

"உங்க பேர் வராதே."

"ஊருக்குத் தெரியும்ல."

கிரெட்டா மன்னிப்புக் கேட்டாள். காட்சியை மாற்றவில்லை. சொன்னேனே, தன்மையானவள். தன்மையானவர்களோடு சண்டை போடுவதுதான் கஷ்டம்.

7

போன மார்ச்சில், ஒரு ஞாயிறு மதியம், தீயணைப்பு நிலையக் கூடத்தில் கடைசிப் பகுதியை ஊருக்குப் போட்டுக்காட்டினார்கள். வெளியே பனியும் மழையுமாகக் கொட்டியது. கிரெட்டாவும் வந்திருந்தாள். லோர்னா முதல் வரிசை, பக்கத்தில் நான். வேட் வரமாட்டான் என்று எல்லோரும் நினைத்தோம். விளக்கை அணைத்த பிறகு வந்து, கதவோரம் நின்றான்.

குளம். வயலின். டேனியல் தண்ணீரில் கடைசியாகச் சொல்கிறான்: "அம்மாகிட்ட சொல்லுங்க, நான் பயப்படல." கூடத்தில் மூக்குறிஞ்சும் சத்தம். என் கையும் பையில் கைக்குட்டையைத் தேடியது. நானும் மனுஷிதானே.

பிறகு படிக்கட்டு. கட்டியணைப்பு. "உன்ன மன்னிச்சிட்டேன்."

திரை இருண்டது. யாரோ கைதட்டத் தொடங்க, எல்லோரும் தட்டினார்கள். தட்டிக்கொண்டே முதல் வரிசையைப் பார்த்தார்கள், பிறகு திரும்பிக் கதவைப் பார்த்தார்கள். ஊரே ஒரு கல்யாணத்துக்கு வந்ததுபோல அப்படி ஒரு புன்னகை. நான் கைதட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் தட்டவிடமாட்டாள்.

லோர்னா எழுந்தாள். "நான் அப்படிச் செய்யல," என்றாள். சத்தமாகக்கூட இல்லை.

கைதட்டல் அங்கங்கே நின்றது. கிரெட்டா தரையைப் பார்த்தாள்.

கதவோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"இல்ல மிஸஸ் கோமோ. நீங்க செய்யல."

அந்தக் கூடத்தில் அவளுக்காகப் பேசிய ஒரே ஆள் அவன்தான். சொல்லிவிட்டு வெளியே போனான். லோர்னா நாற்காலிகளை இடித்துத் தள்ளிக்கொண்டு அவன் பின்னால் போனாள். நானும் எழுந்தேன். "நீ உக்காரு," என்றாள் திரும்பாமல்.

உட்கார்ந்தேன். கதாசிரியருக்கு வந்த சோதனையைப் பாருங்கள். கதையின் முக்கியமான காட்சி கதவுக்கு அந்தப் பக்கம் நடக்கிறது, நான் இந்தப் பக்கம் மடியில் காகிதக் கோப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

8

இனி வருவது மறுநாள் லோர்னா சொன்னது.

வாசல் படியில் வேட் நின்றிருந்தான். அவள் நேராகக் கேட்டாள்.

"பயப்படலன்னு சொன்னானா?"

"இல்ல."

"வேற என்ன சொன்னான்?"

வேட் தெருவைப் பார்த்தான். "கோர்ட்டுல நாங்க என்ன செஞ்சோம்னுதான் கேட்டாங்க. அவன் என்ன சொன்னான்னு யாரும் கேக்கல."

"நான் கேக்கிறேன்."

"உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்."

"இனிமே என்னடா கஷ்டம்? சொல்லு."

சொன்னான். எமிலுக்குப் பல் கிட்டிக்கொண்டதாம். வார்த்தை துண்டு துண்டாகத்தான் வந்ததாம். "பிங்க்கி, தண்ணி வெதுவெதுன்னு இருக்கு. உங்கம்மா பூட்ஸ எடுத்துட்டு நீயும் வா."

லோர்னாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னிடம் சொல்லும்போதும் வந்தது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குனிந்து சிரித்திருக்கிறாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாக மகனின் குரல் அப்படியே காதில் விழுந்ததாம். கிட்டார் இல்லை, ஒன்றுமில்லை. அவனேதான்.

அவள் நிமிர்ந்தபோது வேட் அழுதுகொண்டிருந்தான்.

"நாங்களும் சிரிச்சோம் மிஸஸ் கோமோ. நானுந்தான். என்னையத்தான் சொன்னான், ஆனா எனக்கே சிரிப்பு. அதுக்கப்புறம் அவன் பேசல. நாங்க இன்னும் சிரிச்சிட்டிருந்தோம். அந்த நேரத்துல கைய நீட்டியிருந்தா..."

முடிக்கவில்லையாம். நானும் இந்த வாக்கியத்தை முடிக்கப்போவதில்லை.

9

"அப்புறம்?" என்றேன், இதுவரை எழுதியதைப் படித்துக்காட்டிவிட்டு.

லோர்னா தேநீரை ஊதினாள். "அப்புறம் கொஞ்ச நேரம் நின்னோம்."

"என்ன சொன்ன அவன்கிட்ட?"

"அது என் விஷயம்."

"லோர்னா, எழுதச் சொன்னதே நீதான்."

"எமிலப் பத்தித்தானே எழுதச் சொன்னேன். அவன் முடிஞ்சுட்டான். மிச்சம் என்னோடது."

விடுவேனா? மூன்று முடிவுகளைத் தயார்செய்து ஒவ்வொன்றாகப் படித்துக்காட்டினேன்.

முதல் முடிவில் அவள் அவன் கன்னத்தில் அறைகிறாள். "எட்டாது," என்றாள் லோர்னா. "அவன் உயரம்னு எழுதினியே."

இரண்டாவதில், ஒன்றும் சொல்லாமல் தன் கைக்குட்டையைக் கொடுக்கிறாள். "இதுவும் டிவிதான்டி. வயலின் மட்டும்தான் இல்ல."

மூன்றாவதில், மன்னிக்க முடியாது என்று சொல்லிவிட்டு, ஆனாலும் குளிரில் நிற்காமல் வீட்டுக்குப் போ என்கிறாள். இதைக் கேட்டு அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். உண்மைக்கு அருகே வந்துவிட்டேன் என்று எனக்குள் ஒரே குதூகலம்.

"நல்லா எழுதுற," என்றாள் கடைசியில். "ஆனா நீ அங்க இல்ல."

அவ்வளவுதான். அவள் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள். அவள் முகத்தில் துக்கமா, நிம்மதியா என்று கேட்பீர்கள். மூக்கு சிவந்திருந்தது. குளிருக்கும் சிவக்கும்.

அந்தப் படியில், பனியும் மழையும் விழ, இரண்டு பேர் கொஞ்ச நேரம் நின்றார்கள். கூடத்துக்குள் நாற்காலிகளை அடுக்கிவைக்கும் சத்தம் அவர்களுக்குக் கேட்டிருக்கும். ஒருவர் ஏதோ சொன்னார், அல்லது சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது இதுவரைதான்.

உங்களுக்குக் கை துறுதுறுக்கிறது, தெரிகிறது. என்னைவிட நிறையத் தொடர் பார்த்தவர் நீங்கள். அந்தப் படியில் நடந்ததை ஒரு நிமிஷத்தில் நிரப்பிவிடுவீர்கள். நிரப்பிக்கொள்ளுங்கள், தடுக்க நான் யார். ஆனால் என்றாவது ஆல்டர் கோவுக்கு வந்து, லோர்னா உங்களுக்கு ரப்பூர் போட்டால், நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். உங்கள் முடிவில் அவளை என்ன சொல்ல வைத்தீர்கள் என்று வாயைத் திறக்க வேண்டாம்.