பட்டியலில் இல்லாத மெஷின்

தீப்பிடித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில். மின்வெட்டு அன்றாடமாகிவிட்ட 2008ஆம் வருடம் அது. போயிருந்த கரண்ட் திரும்பியபோது தாறுமாறான வோல்டேஜில் வந்தது. கிர்ஸ்டன் குடியிருந்த வீட்டு முன்னறையில் ஏசி புகைந்து, திரைச்சீலையில் பற்றி, தீயணைப்பு வண்டி வருவதற்குள் உள்ளே இருந்ததெல்லாம் கரியாகிவிட்டது. காலையில் கரண்ட் இல்லாத நேரத்தில் கிளம்பியதால் ஏசியின் சுவிட்சை அணைத்தோமா என்று அவர் பார்க்கவில்லை. தகவல் வந்தபோது அமராவதி அணையில் நின்றுகொண்டிருந்தார்.

கிர்ஸ்டன் டென்மார்க்குப் பெண்மணி. வயது ஐம்பத்தாறு. ஐரோப்பியக் கடைகளுக்குப் பனியன் வாங்கி அனுப்பும் ஒரு நிறுவனத்தின் தரப் பிரிவைக் கவனித்துக்கொள்ளத் திருப்பூருக்கு வந்து நான்கு வருடங்கள் ஆகியிருந்தன. வெளிநாட்டில் தங்கி வேலை செய்பவர்களின் வீட்டுச் சாமான்களுக்கென்று ஊரிலிருந்து புறப்படும்போதே ஒரு இன்சூரன்ஸ் எடுத்திருந்தார். வெப்ப நாட்டில் மழை, இடி, கரையான், மின்கோளாறு என்று எதுவும் நடக்கலாம் என்று அங்கே சொல்லியிருந்தார்கள்.

அந்த இன்சூரன்ஸ் கம்பெனி இப்போது ஒரு பட்டியல் கேட்டது. வீட்டில் இருந்த ஒவ்வொரு பொருளும், வாங்கிய வருடமும், விலையும் வேண்டும். கிர்ஸ்டன் விருந்தினர் விடுதியில் உட்கார்ந்து எழுதிப் பார்த்தார். நாற்பது பொருளுக்கு மேல் போகவில்லை. நான்கு வருடம் வாழ்ந்த வீட்டில் சமையலறை அலமாரிக்கு எத்தனை கதவு என்றுகூட நினைவில் இல்லை.

பத்ருன்னிசாவுக்கு நினைவிருந்தது. அந்த வீட்டைக் கூட்டிப் பெருக்கி, சமைத்து, துணி துவைத்தவர் அவர்தான். அதற்கு முன் பன்னிரண்டு வருடம் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஒரு நாளைக்கு ஆயிரம் பீஸ் கைக்குள் போகும். ஊசி ஓட்டை ஒன்று இருந்தாலும் விரல் நின்றுவிடும். காலில் வெரிகோஸ் நரம்பு சுருண்டு, நின்று வேலை பார்க்க முடியாமல் போனதால் இந்த வேலைக்கு வந்தவர்.

வாசலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றார். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு அறையாக நடந்தார். செருப்பு ஸ்டாண்டு, அதன் மேல் பித்தளைத் தட்டு. மழைக்காலத்தில் ஈரம் ஏறி உப்பிப்போன புத்தகங்கள், மேல் தட்டில் முப்பத்தொன்று, கீழே ஐம்பது. நீலக் கோப்பை ஆறு, அதில் ஒன்றுக்குக் காது ஒட்டவைத்தது. ஒரு தடவைகூட விரிக்காமல் அந்துருண்டை போட்டு வைத்திருந்த கம்பளி இரண்டு. கிர்ஸ்டன் எழுதிக்கொண்டே போனார்.

படுக்கையறை அலமாரியில், சின்னப் பெட்டிக்குள் ஒரு ஜோடி குழந்தைக் காலுறை இருந்தது என்றார் பத்ருன்னிசா. கிர்ஸ்டனின் பேனா நின்றது. அது வேண்டாம், அதற்கு விலையில்லை என்றார்.

"விலை இல்லாட்டி என்னங்க மேடம், இருந்துச்சுல்லங்க. எழுதுங்க."

கிர்ஸ்டன் எழுதினார். யாருடையது என்று பத்ருன்னிசா கேட்கவில்லை. பட்டியல் முடிய மூன்று நாள் ஆயிற்று. நானூற்றுப் பன்னிரண்டு பொருள்கள்.

பின்னறையில் இருந்த, துணிக்கு ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷின் மட்டும் அதில் இல்லை. அது பத்ருன்னிசாவுடையது. மூடிப்போன ஒரு கம்பெனியில் ரசீது எதுவும் இல்லாமல் வாங்கியது. அவர் குடியிருந்த, வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீட்டில் மோட்டார் ஓட்ட உரிமையாளர் சம்மதிக்காததால், கிர்ஸ்டன்தான் பின்னறையைக் கொடுத்திருந்தார். வீட்டு வேலை முடிந்ததும் குழந்தைகள் ஜட்டிக்கு ஓரம் தைப்பார். குடியிருக்கும் வீட்டில் தொழில் நடந்தது என்று தெரிந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் மொத்தத்தையும் மறுத்துவிடுவார்கள் என்று பத்ருன்னிசாவின் கணவர் தௌபிக் எங்கோ கேட்டுவந்து சொல்லியிருந்தார். மெஷினையும் தன் பொருளாகவே சேர்த்துவிடலாம் என்றார் கிர்ஸ்டன். வேண்டாம், விட்டுவிடுங்கள் என்று பத்ருன்னிசா சொல்லிவிட்டார்.

இழப்பை மதிப்பிட மாதவன் என்பவர் கோயமுத்தூரிலிருந்து வந்தார். முப்பது வயதுக்காரர், அதிகம் பேசாதவர். கரிக்குள் குனிந்து நடந்து பின்னறைக்குப் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். மரமும் துணியும் போய்விட்டன. மெஷினின் இரும்பு போகவில்லை. இது பட்டியலில் இல்லையே என்றார். மறந்துவிட்டேன், மாதிரித் துணி தைக்க நான் வைத்திருந்தது என்று கிர்ஸ்டன் உடனே பதில் சொன்னார். மாதவன் குறித்துக்கொண்டார்.

சற்று நேரத்தில் கிர்ஸ்டன் போன் பேசத் தெருவுக்குப் போனபோது, மாதவன் பத்ருன்னிசாவிடம் வந்தார்.

"ஏனுங்க அக்கா, அந்த மெஷின் யாருதுங்க?"

மேடமுடையது என்று சொல்வது சுலபம். சொன்னால் மெஷினுக்கும் பணம் வரும். அதை மேடம் தனக்கே கொடுத்துவிடுவார் என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் நகை நட்டு, வீடு, வண்டி எதுவும் அவர் பெயரில் இருந்ததில்லை. வாழ்நாளில் தன்னுடையது என்று வாங்கிய ஒரே பொருள் அதுதான். எரிந்து கிடக்கும்போதுகூட அதை இன்னொருவர் பொருள் என்று சொல்ல மனம் ஒப்பவில்லை.

"என்னுதுங்க," என்றார்.

மாதவன் நிமிர்ந்து பார்த்தார். என்ன தைப்பீர்கள், தீப்பிடித்த அன்று ஓடியதா என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்ன பத்ருன்னிசா, வேலை முடிந்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுவது தன் வழக்கம் என்றும் சொன்னார். மாதவன் மறுபடி உள்ளே போனார். சுவரிலிருந்த பிளக் பாயிண்டிலிருந்து மூன்றடி தள்ளி, உருகிய பிளக் தரையில் ஒட்டிக் கிடந்தது. அதைப் படம் எடுத்தார். நெருப்பு முன்னறையில் தொடங்கிப் பின்னால் வந்ததற்கான கரித்தடத்தையும் எடுத்தார்.

கிர்ஸ்டன் திரும்பியதும் தனியே அழைத்துப் பேசினார். தவறான தகவல் அறிக்கையில் போனால் மொத்தக் கோரிக்கையும் விழுந்துவிடும், நான் இன்னும் அனுப்பவில்லை, மாற்றிச் சொல்வதானால் இப்போதே சொல்லலாம் என்றார். கிர்ஸ்டனின் முகம் கழுத்துவரை சிவந்தது. மாற்றி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

விடுதிக்குத் திரும்பும் காரில் இருவரும் பேசவில்லை. அடுத்த நாளும் பேசவில்லை. தனக்கு வேலை போய்விட்டது என்றே பத்ருன்னிசா நினைத்தார். மூன்றாம் நாள் அவர் காபி கொண்டுபோய் வைத்தபோது கிர்ஸ்டன் உட்காரச் சொன்னார். உனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் அப்படிச் சொன்னேன், உன்னிடம் கேட்காமல் சொன்னது தப்பு என்றார்.

"நல்லதுக்குத்தான் சொன்னீங்க, தெரியுமுங்க. ஆனா அது என்ற மெஷினுங்க மேடம்."

ஐந்து மாதம் கழித்துப் பணம் வந்தது. பழைய பொருள்களுக்குத் தேய்மானம் கழித்து, கேட்டதில் முக்கால் பங்கு. தொழில் நடந்ததாகக் காட்டி யாரும் மறுக்கவில்லை. மெஷினுக்கு எதுவும் இல்லை. குடியிருப்பவரின் பொருளுக்கு மட்டும்தான் பாலிசி. கிர்ஸ்டன் புது மெஷினுக்கான தொகையை ஒரு கவரில் போட்டு நீட்டினார். பத்ருன்னிசா வாங்காமல் வீட்டுக்குப் போனார். தௌபிக்கிடம் பேசவில்லை. இரண்டு நாள் தானே யோசித்தார். பிறகு வந்து கேட்டு வாங்கிக்கொண்டார்.

"ஏசி உங்களுதுங்க. அதுல புடிச்ச தீயில போன மெஷின் என்னுதுங்க. அதுனால வாங்கிக்கறேன். இனாம்னா வேண்டாமுங்க."

கிர்ஸ்டன் சிரிக்கவில்லை. சரிதான் என்று தலையாட்டினார்.

மெஷின் கடையில் பில் எழுதியவர் வழக்கப்படி கணவர் பெயரைக் கேட்டார். பத்ருன்னிசா தன் பெயரைச் சொன்னார். கடைக்காரர் 'பதுருனிசா' என்று எழுதியதைப் படித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்து, வேறு பில் எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டார். கூடவே, இந்த ஒரு மெஷினுக்கு மட்டும் இன்சூரன்ஸ் போட முடியுமா என்றும் கேட்டார். அப்படி யாரும் கேட்டதில்லையே என்று கடைக்காரர் விழித்தார்.

அந்தச் சனிக்கிழமை அவர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த ஒரு இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போனார். பில்லின் நகல் எடுத்து, ஒரிஜினலை மடிக்காமல் பையில் வைத்துக்கொண்டு, வரிசையில் தன் முறைக்காக உட்கார்ந்திருந்தார்.