உடுத்துற துணி மட்டும்

அத்தாரின் பேட்டையில் எங்கள் கட்டடத்துக்கு முதல் மாடி இருக்கிறது, மூன்றாம் மாடி இருக்கிறது, நடுவில் இரண்டாம் மாடி கிடையாது. அந்த இடத்தில் வானம் இருக்கிறது. டிராமில் போகிறவர்கள் அதன் வழியாகப் பின்தெருக்காரர்கள் கொடியில் காயப்போட்ட துணிகளைப் பார்க்கலாம். மாடிப்படி மட்டும் ஒழுங்காக மூன்றாம் மாடியில் எங்கள் வாசல்வரை வருகிறது. படி எல்லோருக்கும் பொது; இரண்டாம் மாடியில் குடியிருந்த இன்ஷிராஹ் பொதுச்சொத்தில் கை வைக்கிறவள் இல்லை. இடிந்து விழுந்துவிட்டது என்று அடுத்த பேட்டைக்காரர்கள் சொல்வார்கள். வாய்க்கு வந்ததைச் சொல்லட்டும். இடியவில்லை, அவள் உடுத்திக்கொண்டு போனாள். சொல்லும்போது எனக்குக் கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்ஷிராஹ் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். முதல் சம்பளத்திலிருந்தே பெண்கள் சந்து என்கிற கடைவீதிக்குப் போய்த் துணி வாங்குவாள். பத்திரிகையில் ஒரு டிசைனைப் பார்த்து வைத்துக்கொண்டுதான் போவாள்: படகுக் கழுத்து, இறுக்கமான இடுப்பு, குடையாக விரியும் பாவாடை, அந்தக் காலத்தில் கடற்கரைச் சாலையில் எல்லாப் பெண்களும் போட்டுக்கொண்டு நடந்த மாதிரி. வாங்கி வந்து மடித்து வைப்பாள். தைக்க மாட்டாள். அம்மா படுக்கையை விட்டு எழுந்திருக்கட்டும் என்பாள். தம்பி ருஷ்தி படிப்பை முடிக்கட்டும் என்பாள். மருந்துக்கடைக்காரர் ஒருவர் பெண் கேட்டு வந்தார். நல்ல மனிதர், கூடத்தில் உட்கார்ந்து காபியை முழுக்கக் குடித்தார். தம்பி ஒரு நிலைக்கு வரட்டும் என்று அவரையும் காக்க வைத்தாள். அவர் கொஞ்சம் காத்துவிட்டு தமன்ஹூரில் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டார். நிச்சயதார்த்தத்துக்கென்று அவள் வாங்கிய கருநீலக் கம்பளித் துணி கட்டிலுக்கடியில் போனது. ருஷ்தியின் கல்யாணத்துக்குத் திரைச்சீலை எல்லாம் அவள்தான் தைத்தாள். தனக்கென்று ஒரு சட்டை தைக்கவில்லை. அம்மா போய்ச் சேர்ந்தபோது இவள் ஓய்வு பெற்றிருந்தாள், துணி அலமாரியைத் தாண்டி உத்தரத்தைத் தொட்டிருந்தது.

அம்மாவின் ஆஸ்பத்திரி வேலைக்கு அலையட்டும் என்று தம்பிக்கு ஒரு அதிகாரப் பத்திரம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள், மடச்சி. அதை வைத்து அவன் வீட்டை ஒரு காண்டிராக்டருக்கு விற்றுவிட்டான். ஆணுக்கு இரண்டு பங்கு, பெண்ணுக்கு ஒரு பங்கு என்பது சட்டம். மூன்றையும் ஒருத்தன் தன் பையில் போட்டுக்கொள்வது எந்தச் சட்டம் என்று யாராவது எனக்குச் சொல்லட்டும்.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து ஒரு பெட்டி பஸ்பூஸா இனிப்போடு வந்தான். அவள் தேநீர் கலந்துகொண்டிருக்கும்போது விஷயத்தைச் சொன்னான். அகமியில் அவன் வீட்டு மொட்டை மாடியில் ஒரு அறை இருக்கிறதாம்.

"சின்ன ரூம்தான்க்கா. உடுத்துற துணி மட்டும் எடுத்துட்டு வா. இந்தக் குப்பையெல்லாம் பழைய சாமான்காரன்கிட்டப் போட்டுடு."

"குப்பையா?"

"பின்ன என்ன? எலிகூடத் தொடாது இதை."

சொல்லிக்கொண்டே மேஜைமேல் கிடந்த அவளுடைய கத்திரிக்கோலை எடுத்து, சும்மா திறந்து திறந்து மூடினான். கத்திரியில் துணி இல்லாமல் வெறுங்காற்றை வெட்டினால் வீட்டில் சண்டை வரும். எங்கள் ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் இது தெரியும். "டேய், கீழ வைடா!" என்று அவள் கத்தினாள். "இன்னுமா இதெல்லாம் நம்பிட்டிருக்க?" என்று சிரித்து, அவளைச் சீண்டுவதற்காக இன்னும் நாலு தடவை வெட்டினான். சோபாவுக்குப் பின்னால் சுவரின் ஓரம் ஒரு முழ நீளத்துக்கு விட்டுப்போய்ப் பிசிறு பிசிறாகத் தொங்கியது. அவன் கவனிக்கவில்லை, கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். தேநீரைக் குடித்துவிட்டுப் போனான்.

பிசிறைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவளால் ஆகாது. மடித்து ஓரம் அடித்தாள். ஊசி இறங்கியது, சுவர் பாப்ளின் கனம்தான் இருந்தது. அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. அம்மாவுக்காக, தம்பிக்காக, மருந்துக்கடைக்காரருக்காக வராமல் நின்ற கோபமெல்லாம் சேர்ந்து வந்தது. கட்டிலுக்கடியில் தவழ்ந்துபோய் அடித்துணியை இழுத்தாள்: முதல் சம்பளத்தில் வாங்கிய கறுப்புப் புள்ளி போட்ட வாயில் துணி. அன்றைக்கு நினைத்த அதே டிசைன். அந்த இடுப்பு இப்போது இல்லை, போய்த் தொலையட்டும் என்று இருக்கிற உடம்புக்கு அளவெடுத்தாள். லைனிங்குக்குச் சமையலறையை வெட்டினாள்.

மெஷின் போட்ட சத்தத்தில் எங்கள் வீட்டுக் கோப்பைகள் ஆடின. என் மாமியார் உம்மு வக்தி சண்டை போடத்தான் கீழே இறங்கினாள். தைத்ததைப் பார்த்ததும் அதை மறந்துவிட்டாள்.

"ஏண்டி, இதைப் போட்டுக்கிட்டு எந்தக் கல்யாணத்துக்குப் போகப் போற?"

"நாப்பது வருஷத்துக்கு முன்னாடி போட்டிருக்கணும். இப்பப் போடப் போறேன்."

"என்னடி பாவாடை இந்தக் கனம் கனக்குது?"

"உள்ள அடுப்பு இருக்கு. மெதுவாப் பிடி."

மாமியார் மெதுவாகப் பிடித்தாள். அதற்குப் பிறகு காஜா எடுக்க, பட்டன் வைக்க நாங்களும் தினம் இறங்கிப் போனோம், மனசு கேட்கவில்லை. பச்சை வெல்வெட்டுக்குள் அம்மாவின் அறை போனது. கோடு போட்ட பாப்ளினுக்குள் பால்கனி, கூடை இறக்கும் கயிற்றோடு. கருநீலக் கம்பளியில் கோட்டும் பாவாடையும் தைத்து, அந்த மனிதர் காபி குடித்த கூடத்தை லைனிங்காகக் கொடுத்தாள். அன்றைக்கு மட்டும் மெஷினை நிறுத்திவிட்டு அழுதாள். அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டு ருஷ்தியை அசிங்கமாகத் திட்டினாள், நாங்களும் கூடச் சேர்ந்து திட்டினோம். எங்கள் தரைக்கு அடிப்பக்கம் அவளுடைய உத்தரம். அதில் சுண்ணாம்புப் பூச்சை மட்டும் உரித்துக்கொண்டு, கட்டையை எங்களுக்கு விட்டுவைத்தாள்.

ருஷ்தி போனில் கேட்டான், "இன்னுமா கிளம்பல?"

"தைச்சிட்டிருக்கேன்."

"இப்பத்தான் தையல் வேண்டிக் கிடக்கா?"

"உடுத்துற துணி மட்டும்னு நீதானேடா சொன்ன?"

ஜூன் மாத வெயிலில் அவன் காண்டிராக்டரையும் ஒரு வண்டியையும் கூட்டிக்கொண்டு வந்தான். இன்ஷிராஹ் எல்லா உடுப்பையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு படியில் இறங்கினாள். படி முழுக்க அவள்தான் இருந்தாள். திருப்பத்தில் பக்கவாட்டில்தான் திரும்ப முடிந்தது. கையில் மெஷின் மட்டும். முகம் சிவந்து வேர்த்துக் கொட்டியது.

"என்னக்கா கோலம் இது? தெருவே பாக்குது!"

அவர்கள் மேலே போனார்கள். கதவை மட்டும் அவள் விட்டுவைத்திருந்தாள், சாவியை விற்றவனுக்குக் கதவாவது வேண்டாமா! காண்டிராக்டர் பூட்டைத் திறந்தார். உள்ளே வானம். ஒரு புறா குறுக்கே பறந்து போனது. காண்டிராக்டர் போட்ட சத்தம் டிராம் நிறுத்தம்வரை கேட்டது.

ருஷ்தி விழுந்தடித்துக்கொண்டு ஓடிவந்தான். "அக்கா, வீடு எங்கக்கா?"

"போட்டிருக்கேன்."

"விளையாடாத. அந்த ஆளு என்னைக் கிழிச்சிடுவான்!"

"கிழிச்சா எடுத்துட்டு வா, தைச்சுத் தரேன்."

டிராம் ஏறினாள். நடத்துநர் இரண்டு இருக்கைக்கு டிக்கெட் கேட்டார், கொடுத்தாள்.

இப்போது காம்ப் ஷெசாரில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மொட்டை மாடியில் இருக்கிறாள். கயிறு கட்டி உடுப்புகளைத் தொங்கவிட்டிருக்கிறாள். பட்டனைக் கழற்றிப் புள்ளி வாயிலுக்குள் போய்ச் சமைக்கிறாள், வெல்வெட்டுக்குள் தூங்குகிறாள். சாயங்காலம் ஏதாவது ஒன்றை மாட்டிக்கொண்டு கடற்கரைச் சாலையில் நடக்கிறாள். வெங்காயம் தாளிக்கிற வாசனை வந்தால், இன்ஷிராஹ் அம்மா போகிறாள் என்று வேர்க்கடலைக்காரன் தள்ளுவண்டியை ஒதுக்குகிறான். கோபம் அடங்கியதா என்று மாமியார் ஒருநாள் கேட்டாள். அடங்கவில்லை என்றாள், அதற்கென்று கருநீலக் கோட்டில் உள்பக்கம் தனியாக ஒரு பாக்கெட் வைத்திருக்கிறாளாம்.

எங்களுக்கும் பழகிவிட்டது. காய்கறிக்குக் கூடை இறக்கினால் நடுவில் எந்தக் கம்பியிலும் இடிக்காமல் நேராக இறங்குகிறது. வழக்கு நடக்கிறது. காணாமல் போனது எது என்று எழுதத் தெரியாமல் நீதிமன்றம் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் ருஷ்தி பஸ்பூஸாப் பெட்டியோடு வந்து தெருவில் நின்று மேலே பார்க்கிறான். அவனைத் தேநீர் குடிக்கக் கூப்பிட இரண்டாம் மாடியில் ஆள் இல்லை. மூன்றாம் மாடியில் நாங்கள் இருக்கிறோம், கூப்பிடுவதில்லை.