அடித்துவிட்ட வரிகள்

தம்பிக்குச் சர்க்கரை நோய். அவன் கையில் ஒட்டியிருக்கும் சென்சார், சர்க்கரை அளவை அப்பாவின் போனுக்கு அனுப்பும். ரொம்பக் குறைந்தால் போன் அலறும். அதையெல்லாம் பார்த்துக்கொள்வது வீட்டில் என் வேலை. பெரியம்மாவுக்கு ஆபரேஷன் என்று நானும் அம்மாவும் வெளியூர் கிளம்பியதால், செய்ய வேண்டியதையெல்லாம் அப்பாவுக்காக ஒரு தாளில் எழுதி வைத்தேன்.

அப்பா டாக்சி ஓட்டுகிறவர். படித்துவிட்டுச் சிரித்தார்.

"'விரலால் மேலிருந்து கீழே இழுக்கவும்.' ஏம்மா, மூச்சு விடவும்னு எழுதலையா? நான் என்ன கைக்குழந்தையா?"

"உங்களுக்குத்தான்ப்பா சொல்றேன்..."

"நாள் பூரா மேப் பாத்து வண்டி ஓட்டுறவன் நான். இவ்ளோ நீளமா இருந்தா படிக்க மாட்டேன், போ."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சின்ன விஷயம் என்று தோன்றியதையெல்லாம் அடித்தேன். ப்ளூடூத் ஆனில் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்ன வரியும் போனது. அது எப்போதும் ஆனில்தானே இருக்கும் என்று நினைத்தேன்.

அன்று ராத்திரி பெரியம்மா வீட்டில் எல்லாரும் தூங்கிவிட்டார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ப்ளூடூத் எப்போதும் ஆனில் இருப்பதில்லை. சார்ஜ் நிற்காது என்று படுக்கப்போகும்போது அப்பா ப்ளூடூத், வைஃபை எல்லாவற்றையும் அணைத்துவிடுவார். தண்ணீர் குடிக்கப் போகிற வழியில் நான்தான் மறுபடி போடுவேன். யோசித்துச் செய்கிற வேலையா அது? ப்ளூடூத் இல்லாவிட்டால் சென்சார் சொல்வது போனுக்குப் போகாது. தம்பி தூக்கத்திலேயே மயங்கினாலும் யாருக்கும் தெரியாது.

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அப்பாவைக் கூப்பிட்டேன். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டேன்.

"இந்நேரத்துல என்னம்மா? அம்மாவுக்கு ஏதாவதா?"

"இல்லப்பா. ஸ்கிரீனை மேலேருந்து கீழ இழுங்க. ப்ளூடூத் என்ன கலர்ல இருக்கு?"

"சாம்பல். நான்தான் அணைச்சேன். ஏன்?"

"அதைத் தொடுங்கப்பா! தொடுங்க!"

சென்சார் இணைய ஒரு நிமிடம் ஆனது. பிறகு அந்தப் பக்கம் அப்பாவின் போன் அலறியது.

அப்பா ஓடுவது கேட்டது. "டேய், எந்திரிடா. கண்ணைத் தொற. இந்த ஜூஸைக் குடி. குடிடா தங்கம்!" தம்பி ஏதோ முனகினான். கவிழ்த்து வைத்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்தேன். போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"குடிச்சிட்டான்." அப்பாவின் குரல் சரியில்லை. "வேர்த்துக் கொட்டியிருக்கும்மா." கால் மணி நேரம் போனை வைக்காமல் இருந்தோம். "நம்பர் ஏறுது, ஏறுது."

ப்ளூடூத் வரியை அடித்ததைச் சொல்லி அழுதேன். அவர் திட்டவில்லை.

"வேற என்னல்லாம் அடிச்ச?"

"தெரியலப்பா. எனக்கு ஈஸின்னு தோணினதையெல்லாம் அடிச்சிட்டேன்."

"நான் சிரிச்சிருக்கக் கூடாது. முழுசா எழுதி அனுப்பு."

வெளியே வந்து ஒரு தாளை எடுத்தால் கை ஓடவில்லை. என் விரல் தானாகச் செய்வது எனக்கே தெரியவில்லையே, எதை எழுதுவது?

"போனை வைக்காதீங்கப்பா," என்றேன். "நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அந்தத் தாளைப் பாத்து நீங்களே செஞ்சு பாருங்க. எங்க முழிக்கிறீங்களோ, அங்க வாய்விட்டுச் சொல்லுங்க. எழுதிக்கிறேன்."